ஹெரன்ஸ் ஜெயித்த வருஷம்

கிரீன் கார்டு கைக்கு வந்தபோது ஜலஜாவுக்கு நாற்பத்து நான்கு வயது. டெக்சஸில் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி நகரத்துக்கு வந்து அதற்குள் பதினாறு வருடம் ஓடிப்போயிருந்தது. கணவர் கோபாலசாமி எரிவாயுக் குழாய் கம்பெனியில் இன்ஜினியர். கார்டு வரும்வரை அவளுக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் சாம்பிள் தையல் முழுவதையும் ஒற்றை ஆளாகப் பார்த்தவள், இங்கே தெரிந்தவர்களின் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் துணிக்கடைப் பலகையில் ஒரு சீட்டைப் பார்த்தாள். ‘தையல் தெரிந்தவர் தேவை. கேட்டி ஹெரன்ஸ்.’ ஏதோ ரெடிமேட் கம்பெனி என்று நினைத்துத்தான் போனாள். போய் நின்ற இடம் ஒரு விளையாட்டு அரங்கம். ஹெரன்ஸ் என்பது ஃபுட்பால் அணி. கூரைக்குள்ளே, சின்ன மைதானத்தில், சுற்றிலும் மெத்தை வைத்த சுவருக்கு நடுவே ஆடும் அமெரிக்க ஃபுட்பால். ஆட்கள் அந்தச் சுவரில் போய் மோதுவார்கள், சட்டைகள் கிழியும்.

அணியின் உடுப்புகளுக்குப் பொறுப்பான வால்ட்டருக்கு எழுபது வயது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கிழிந்த சட்டை ஒன்றை மேசைமேல் எறிந்தார். ஜலஜா தையலைத் திருப்பிப் பார்த்தாள். யாரோ தப்பான மெஷினில் ஓட்டியிருந்தார்கள். இழுத்தால் பிரியத்தான் செய்யும். பிரித்து, வேறு மாதிரி தைத்து நீட்டினாள். வால்ட்டர் இரண்டு கையாலும் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார். பிறகு, “செவ்வாய்க்கிழமை வா” என்றார்.

முதல் மூன்று ஆட்டத்திலும் ஹெரன்ஸ் தோற்றது. ஆட்ட நாட்களில் வீரர்கள் ஓடிவரும் வாசலருகே ஊசியும் நூலுமாக நிற்பது அவள் வேலை. கிழிந்த சட்டையோடு வருகிறவனைக் கழற்றச் சொல்ல நேரமிருக்காது. தோள்காப்புக்கு மேலேயே தைக்க வேண்டும். வேர்வை சொட்டும் முரட்டுத் தோளில் முதல்முறை கை வைத்தபோது அவளுக்குக் கூச்சத்தில் உடம்பே சுருங்கியது. நான்காம் ஆட்டத்தில் அதெல்லாம் மறந்துவிட்டது. அந்த ஆட்டத்தில் ஜெயித்தார்கள். அடுத்ததிலும் ஜெயித்தார்கள்.

அந்தக் கோடை முழுக்க ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். வீரர்கள் அவளை ‘மிஸ் ஜே’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். டெரெல் என்ற பந்து பிடிக்கிற பையன், இடுப்பைக் கொஞ்சம் பிடித்துத் தை, வேகமாக ஓடுவேன் என்பான். சிரித்துக்கொண்டே பிடித்துக் கொடுப்பாள். சமைக்கும்போது ஸ்கோர் சொன்னாள். கோயிலில் பார்க்கிற ஆன்ட்டிகளிடம் விதிகளை விளக்கினாள். பத்தாம் வகுப்பு படித்த மகள் யாமினி, “அம்மா, யூ ஆர் அப்செஸ்ட்” என்றாள்.

இறுதி ஆட்டம் கேட்டியிலேயே நடந்தது. கோபாலசாமியும் யாமினியும் முதல்முறையாக வந்து உட்கார்ந்தார்கள். கடைசி நிமிடம்; ஹெரன்ஸ் நான்கு பாயின்ட் பின்னால். சுவரில் மோதி எழுந்த டெரெலின் சட்டை தோளிலிருந்து விலாவரை பிளந்து தொங்கியது. சட்டை எண் தெரியவில்லை என்று நடுவர் வெளியே அனுப்பினார். மாற்றுச் சட்டை முதல் பாதியிலேயே ரத்தம் பட்டு ஒதுக்கப்பட்டிருந்தது. அவன் ஓடி வந்து ஜலஜாவின் முன்னால் நின்றான். நிலையாக நிற்காமல் மைதானத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

“ஆடாம நில்லு சாமி” என்றாள், தமிழில்.

என்ன புரிந்ததோ, நின்றான். பத்துப் பன்னிரண்டு தையல். பல்லால் நூலைக் கடித்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். ஓடினான். பந்து அவனுக்கு வரவில்லை. ஆனால் எதிரணியில் இரண்டு பேர் அவன் பின்னால் ஓட, மறுபக்கம் தனியாக நின்ற ஹெரன்ஸ் ஆள் பந்தைப் பிடித்துக் கோட்டைத் தாண்டி விழுந்தான். அதற்கு ஆறு பாயின்ட்; ஹெரன்ஸ் ஜெயித்துவிட்டது. அரங்கமே எழுந்து நின்றது. “அந்த ரெண்டு பேரும் உன் தையலைத் துரத்திக்கொண்டு போனார்கள்” என்று வால்ட்டர் அவள் காதருகே கத்தினார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

செப்டம்பரில் ஒரு ஈமெயில் வந்தது. வடக்கே அயோவா மாநிலத்தில் ஓர் ஊர் புது அரங்கம் கட்டித் தருகிறது. அணி அங்கே போகிறது. கேட்டியின் பெயர் இனி இருக்காது.

சீசன் சமயத்தில் ஐந்து மாதம் மட்டும் வந்து தங்கு என்று வால்ட்டர் கூப்பிட்டார். ஒரு வாரம் அதை மனதிலேயே வைத்திருந்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

“ஏனுங்க, வால்ட்டரு என்னையும் வரச் சொல்றாருங்க.”

கோபாலசாமி நிமிர்ந்தார். “அயோவாவுக்கா? பாப்பாக்கு இது லெவன்த் கிரேடு. நான் சைட்டுக்குப் போயிட்டா அவள யாரு டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போறது?”

“அதுதானுங்க நானும் யோசிக்கிறேன்.”

கோபாலசாமி மீதிச் சோற்றைப் பிசைந்தார். பிறகு அவர் தணிந்த குரலில், “உனக்குப் போகோணும்னு இருக்குதா?” என்றார்.

உனக்கு என்ன வேண்டும் என்று இத்தனை வருடத்தில் யாரும் அவளைக் கேட்டதில்லை.

“இருக்குதுங்க” என்றாள்.

போ என்றும் அவர் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மறுநாள் அவளேதான் வால்ட்டரைக் கூப்பிட்டு வர முடியாது என்றாள்.

கடைசி வேலையாக நாற்பத்தெட்டுச் சட்டையின் தோளிலிருந்தும் கேட்டி என்ற பெயரைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. துணியில் ஓட்டை விழாமல் ஒவ்வொரு நூலாக எடுத்தாள். மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலையை ஏழு நாள் இழுத்தாள். அணியின் சாமான்களோடு லாரி கிளம்பியபோது வால்ட்டர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கல்யாண கவுன் கடையில் வேலை கிடைத்தது. நல்ல வேலை, மரியாதையான முதலாளியம்மா. ஆனால் அந்த உடைகளை ஒருநாள் உடுத்துவார்கள், அவ்வளவுதான். கிழித்துக்கொண்டு யாரும் ஓடி வருவதில்லை. சனிக்கிழமைகளில் காய்கறி வாங்கப் போகிற சாக்கில் அரங்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவாள். அங்கே இப்போது வீட்டு அலங்காரக் கண்காட்சி நடக்கும், பள்ளிப் பிள்ளைகள் வாலிபால் ஆடுவார்கள். போனில் ஹெரன்ஸ் ஆட்டம் பார்ப்பாள். ஒருமுறை ஒருவன் தோள் கிழிசலுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்தவள், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

சென்ற வருடம் ஹெரன்ஸ் டாலஸ் பக்கம் ஆட வந்தது. யாமினி அப்போது டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் காலேஜில் இருந்தாள். அவளைப் பார்க்கிற மாதிரியும் ஆச்சு என்று கோபாலசாமியே டிக்கெட் வாங்கினார். ஞாயிறு மதியம் ஆட்டம். ஜலஜா முதல்முறையாக மேலே, ஜனங்களோடு உட்கார்ந்து பார்த்தாள். எல்லாம் புது முகங்கள். வால்ட்டர் வேலையை விட்டு மகள் வீட்டோடு போய்விட்டாராம். பழைய ஆள் டெரெல் ஒருவன்தான். அவனும் கொஞ்சம் மெதுவாக ஓடினான். ஹெரன்ஸ் தோற்றது.

ஆட்டம் முடிந்து குழந்தைகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த டெரெலிடம் போய்த் தயங்கி நின்றாள். நிமிர்ந்து பார்த்தான். “மிஸ் ஜே!” என்று கத்தி, மெத்தைச் சுவருக்கு மேலே குனிந்து வேர்வையோடு கட்டிக்கொண்டான். அவள் காதருகே ஏதோ கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, ஃப்ரீவேயில் ஏறியதும் கோபாலசாமி கேட்டார்: “அந்தப் பையன் என்ன கேட்டான்?”

“எப்ப திரும்பி வர்றீங்கன்னு கேட்டானுங்க.”

“நீ என்ன சொன்ன?”

“சும்மா, வர்றேன்னு தலைய ஆட்டி வெச்சேனுங்க” என்றாள் ஜலஜா. அவர் ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்தார். ரேடியோவைப் போடப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, ஹூஸ்டன் வரும்வரை அதைப் போடாமலே வண்டியை ஓட்டினார்.