மோட்டாரை யாரும் தொடவில்லை

பெண்கள் முன்னேற்றம் என்று யாராவது மைக்கைப் பிடித்தால் இப்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. அந்த வார்த்தையை வாராவாரம் வாய் வலிக்கச் சொன்னவள்தான் நானும். எங்கள் செம்பனைத் தோட்டத்து மண்டபத்தில் கூடிய கடன் குழுவுக்கு நான் தலைவி. மொத்தம் ஐந்து பெண்கள். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற நால்வருக்கும் அடுத்த கடன் கிடையாது. இதற்குக் கடன் கொடுத்தவர்கள் வைத்த பெயர் ஒற்றுமை.

அந்த ஒருத்தி என் பக்கத்து வீட்டுக்காரி. தோசை மாவு அரைத்து லயத்து வீடுகள் முழுக்க விற்றுக்கொண்டிருந்தாள். பெண்களுக்கு மட்டுமே தரும் கடன் என்பதால் கையெழுத்து அவளுடையது. கிரைண்டர் வாங்கியது போக மீதியைப் புருஷன் பிடுங்கி, தன் பேரில் மோட்டார் சைக்கிள் எடுக்க முன்பணம் கட்டினான். ஊருக்கே தெரியும். கடன் விண்ணப்பப் பாரத்தில் ‘தொழில் விரிவாக்கம்’ என்று கூசாமல் எழுதிக் கொடுத்தவள் நான்.

டெங்கிக் காய்ச்சலில் அவள் படுத்ததும் மூன்று தவணை நின்றுபோனது.

“நீங்களே பேசி முடிச்சிக்குங்க,” என்றார் கடன் அதிகாரி. போலீஸ், வக்கீல் யாரும் அவருக்குத் தேவையில்லை. நாங்கள் இருந்தோமே! அடுத்த கடன் வந்தால்தான் எனக்குத் தையல் மிஷின். அதனால் நான்தான் முன்னால் நடந்தேன்.

நாங்கள் போனபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை விற்றுத் தவணையைக் கட்ட வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“இத எடுத்துட்டா நான் எத வச்சிப் பொழைக்கிறதுக்கா? அந்த மோட்டார வித்துக் கட்டச் சொல்லுங்க லா.”

வாசலில் புது மோட்டார் நின்றது. நாங்கள் நால்வரும் அதைப் பார்க்காத மாதிரி நின்றோம்.

“அது அவரு பேருல இருக்கும்மா. நாங்க என்ன செய்ய முடியும்?” என்றேன்.

முடியாது என்றது பச்சைப் பொய். அவன் கத்துவான், இவள் கத்தமாட்டாள். வேறு காரணமே இல்லை.

அவள் சுவிட்சை அணைத்தாள். பாதி அரைந்த மாவை வாளியில் வழித்துப் போட்டாள். கல்லைக் கழுவி, துண்டால் ஈரம் போகத் துடைத்து, கிரைண்டரை எங்கள் பக்கம் தள்ளினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு இத்தனை அருவருப்பு மிஞ்சியிருக்காது.

லுக்குட் டவுனில் இருக்கும் பழைய சாமான் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். எங்களால் அதைத் தூக்க முடியவில்லை. தூங்கி எழுந்து வந்த புருஷன் சிரித்துக்கொண்டே, “தள்ளுங்கக்கா, நான் ஏத்திட்டுப் போறேன்,” என்று மோட்டாரின் பின்சீட்டில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினான்.

“ரொம்ப தேங்க்ஸ் தம்பி,” என்றேன்.

அவன் போன பிறகு, வாளியைக் கையில் பிடித்தபடி நின்றவளிடம் சொன்னேன்: “அடுத்த வாரம் கூட்டத்துக்கு மறக்காம வந்துரும்மா.”