பாஸ்கருக்குத் தெரியாத தேவகி

போன வாரம் பாஸ்கரிடமிருந்து போன். காலேஜில் எங்கள் செட். "வசந்தா, நல்லாருக்கியா? அடுத்த வாரம் திருவண்ணாமலை வர்றேன்..." என்று ஆரம்பித்தான்.

அடுத்த வாரம் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தைக் கேட்கவா வேண்டும்?

"ரூமா? செங்கம் ரோட்ல ஒரு லாட்ஜ்கூட காலி இல்லப்பா. ஸ்பெஷல் தரிசனத்துக்கும் எனக்கு யாரையும் தெரியாது" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

என்னைத் திட்டாதீர்கள். இந்த ஊரில் குடியிருந்து பார்த்தால் தெரியும்! வருஷம் பூரா வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு குட்மார்னிங்கூடப் போடாதவர்கள், பௌர்ணமி நெருங்கினால் போதும், "எப்படி இருக்கே வசந்தா?" என்று உருகிவிடுவார்கள். அதனால் பதிலை மனப்பாடமே செய்து வைத்திருக்கிறேன்.

"ரூம் வேணாம் வசந்தா. காலைல வந்துட்டு மத்தியானமே கிளம்பிடுவேன். உன்னைத்தான் பார்க்கணும்."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் மனைவி தேவகி தவறிப்போய்ச் சில மாதங்கள்தான் ஆகின்றன. அவளும் எங்கள் காலேஜ்தான், இதே திருவண்ணாமலையில். அவளுக்கும் எனக்கும் கீழ்பென்னாத்தூர். ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே பஸ். பாஸ்கர் கெமிஸ்ட்ரி, செஞ்சிப் பக்கம், அதே ரூட். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

வந்தான். ரொம்ப இளைத்திருந்தான். இட்லி வைத்தேன். ஒன்றைப் பிட்டுத் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"வீட்ல யாரும் அவ பேச்சையே எடுக்கறதில்ல. நான் அழுதுடுவேன்னு பசங்களுக்கு பயம். நானே தனியா உட்கார்ந்து நெனைச்சுக்கறேன். நெனைச்சதையே எத்தனை வாட்டி நெனைக்கறது? எனக்குத் தெரியாத விஷயம் உனக்குத் தெரிஞ்சிருக்குமில்ல? அவளைப் பத்தி ஏதாவது சொல்லேன்... புதுசா."

முப்பது வருஷத்துக்கு மேல் அவளோடு குடித்தனம் செய்தவனுக்கு நான் என்னத்தைப் புதுசாகச் சொல்ல? என் சங்கடத்தைப் பார்த்து அவனே பேச ஆரம்பித்தான். ஒவ்வொரு ரீயூனியனிலும் பீற்றிக்கொள்வானே, அதே பழைய பஸ் கதை.

"லேப் முடிஞ்சதும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவேன் பாரு... ஒரு நாள்கூட அவ பஸ்ஸை நான் விட்டதில்ல. அப்படி ஒரு அதிர்ஷ்டம் எனக்கு!"

"அதிர்ஷ்டமாம், அதிர்ஷ்டம்!" என்னை மீறி வாயில் வந்துவிட்டது. "எங்க கிளாஸ் எப்பவோ முடிஞ்சிருக்கும். பஸ் வந்து நிக்கும். ஏறுடின்னா, 'கூட்டமா இருக்கு, அடுத்ததுல போலாம்'பா. அடுத்தது காலியா வரும். 'டிரைவர் மூஞ்சி சரியில்ல'ம்பா! நான் பசியில செத்துக்கிட்டிருப்பேன். நீ தூரத்துல ஓடி வர்றது தெரிஞ்சதும், 'ஏறு ஏறு, நேரமாச்சு'ன்னு என்னைத் தள்ளிக்கிட்டு ஏறுவா. ஏறினதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவா... உன்னைப் பார்க்கவே இல்லாத மாதிரி!"

பாஸ்கர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"நான்தானே அவ பின்னாடி சுத்தினேன்?"

"நீ சுத்தினே. அவ உனக்காக பஸ்ஸை விட்டுட்டு நின்னா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே வசந்தா..."

"சொல்லக் கூடாதுன்னு என்கிட்டயும் சத்தியம் வாங்கியிருந்தா. தெரிஞ்சா அவனுக்கு கர்வம் ஜாஸ்தியாயிடும்டின்னா."

சிரித்தான். அப்புறம் அழுதான். நானும் அழுதேன், மறைப்பானேன்? முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டிரைவர் மூஞ்சிக்கு என்னவாம்?" என்று முதலிலிருந்து கேட்டான். மறுபடி சொன்னேன். தட்டில் இருந்த மிச்ச இட்லி எப்போது காலியானது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

காலேஜ் தோழிகள் சேர்ந்தால் என்ன செய்கிறோம்? போட்டோ, பிரியாணி, யாருக்கு சுகர், யாருக்கு பி.பி... ஆனால் நம் இருபது வயசை நேரில் பார்த்த சாட்சிகள் அவர்கள் மட்டும்தான். கட்டினவனுக்கும் தெரியாது, பெற்றதுகளுக்கும் தெரியாது. இது எனக்கே அன்றுதான் உறைத்தது.

கிளம்பும்போது ஆட்டோவில் ஒரு காலை வைத்தவன் திரும்பினான். "இன்னும் இருக்கா வசந்தா?"

"ஏன் இல்லாம? எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லிடுவேனா? அடுத்த மாசம் வா."

"கண்டிப்பா வர்றேன்" என்றான். வந்தபோது இருந்த முகம் இல்லை அது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருந்தது அந்த ஒரு கதைதான். ஆட்டோ தெருமுனை திரும்பியதுமே எங்கள் செட் பெண்களுக்கு ஒவ்வொருத்தியாகப் போன் போட ஆரம்பித்தேன் — "ஏய், தேவகியைப் பத்தி உனக்குத் தெரிஞ்சதை எல்லாம் ஒண்ணுவிடாம சொல்லுடி... பாஸ்கர் வருவான்!"