ஜாதகத் தாளில் ஓர் ஈமெயில்

விசாலாக்ஷிக்கு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்தது, அதுவும் உதவித்தொகையோடு. 1999 மார்ச். அவள் அப்பா கோதண்டபாணி மயிலாப்பூர் மாட வீதிகளில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து அதைச் சொன்னார். அதே வாயால் வரனும் தேடிக்கொண்டிருந்தார். படிப்பு ஒரு பக்கம், ஜாதகம் ஒரு பக்கம். அந்த வீடுகளில் அப்படித்தான்.

அவள் தன் ஈமெயிலை லஸ் பக்கத்து பிரவுசிங் சென்டரில்தான் தொடங்கினாள். பாஸ்வேர்ட் கேட்டபோது, "மறக்காத பேரா ஏதாவது போடுங்க மேடம்" என்றார் கடைக்காரர். தன் நட்சத்திரத்தைப் போட்டாள். அனுஷம். கோயில் அர்ச்சனைக்குச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிய பெயர், எப்படி மறக்கும்?

கோதண்டபாணி சும்மா இருந்தாரா? மகளுக்கு ஈமெயில் இருக்கிற பெருமை தாங்காமல், ஜாதக நகலில் நட்சத்திரத்துக்கு நேர்கீழே அந்த முகவரியையும் டைப் அடித்து நாற்பது வீடுகளுக்கு அனுப்பினார். பூட்டையும் சாவியையும் ஒரே தாளில் வைத்து ஊருக்குக் கொடுத்தாயிற்று. அது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் உறைக்கவில்லை.

அந்த நாற்பதில் ஒன்றான கே.கே. நகர் ஜெயராம் வீட்டில் பொருத்தம் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்றார்கள். பையனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. "ரெண்டு வருஷம் படிச்சுட்டு வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று கோதண்டபாணி சொல்லி அனுப்பினார்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை விசாலாக்ஷி ஈமெயில் பார்க்கப் போனாள். பல்கலைக்கழகம் எழுதியிருந்தது: நீங்கள் வரவில்லை என்று தெரிவித்ததற்கு நன்றி, உங்கள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். அனுப்பிய கடிதங்களைத் திறந்தாள். குடும்பக் காரணங்களால் வர இயலவில்லை என்று அவள் பெயரில், அவள் எழுதாத கடிதம். அது நான் எழுதியதல்ல என்று பதில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். யாரிடமும் சொல்லக்கூடத் தெம்பில்லை.

அன்று மாலை ஜெயராம் தன் அம்மாவோடு வந்து நின்றான். காபியை வாங்கிக்கொண்டே அந்த அம்மாள், "அமெரிக்கா இல்லேன்னு ஆயிடுத்தாமே? ஜெயராம்தான் சொன்னான். இனிமே என்ன தடை?" என்றாள்.

கோதண்டபாணி திருதிருவென்று விழித்தார். விசாலாக்ஷி ஜெயராமைப் பார்த்தாள். அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் போனதும் எல்லாவற்றையும் கொட்டினாள். "திருட்டுப்பா இது! என் லெட்டரைத் திறந்து, என் பேர்ல எழுதியிருக்கான். நீ போய்க் கேக்கணும்."

செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகத்தின் பதில் வந்தது: வருந்துகிறோம், இடமில்லை. அதன் பிறகுதான் கோதண்டபாணி பேசினார். பெற்ற அப்பா சொன்ன பதில் இது:

"போனது போயிடுத்து. கேக்கப் போனா உன் பேர்தான் கெடும். அதுவுமில்லாம, உன் மேல அவ்வளவு ஆசை இல்லேன்னா அந்தப் பிள்ளை இப்படிப் பண்ணியிருப்பானா, சொல்லு?"

வைகாசியில் முகூர்த்தம் வைத்தார்கள். அவளைக் கேட்கவில்லை.