வாசல் போர்டில் இருந்த மணப்பெண்

பார்லர் அக்கா என்றால்தான் எங்கள் தெருவில் அவரைத் தெரியும். வீட்டின் முன்னறையைத் தடுத்து, நாலு பக்கமும் கண்ணாடி மாட்டித் தொழில் நடத்தினார். வாய் கொஞ்சம் நீளம், வேலை சுத்தம். பக்கத்துத் தெருவில் புதுப் பார்லர் ஒன்று திறந்ததும் தன் தொழில் படுத்துவிடுமோ என்று அவருக்குக் கவலை வந்தது. நெட்டில் தேடி, தலை சாய்த்துச் சிரிக்கும் ஒரு மணப்பெண்ணின் படத்தை எடுத்தார். மூலையில் இருந்த பெயரை வெட்டிவிட்டு, 'எங்கள் கைவண்ணம்' என்று எழுதி வாசலில் பெரிய போர்டாக மாட்டினார்.

ஒருநாள் காலையில் புருவம் திருத்த ஒரு பெண் வந்தாள். ஒரு புருவம் முடிந்து, அடுத்ததற்கு நூலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார் அக்கா.

"வாசல்ல இருக்கிற படம் நான் எடுத்ததுக்கா," என்றாள் அவள், கண்ணை மூடியபடியே. "நான் போட்டோகிராபர். அதுல இருக்கிறது எங்க அக்கா. மேக்கப் போட்டது எங்க சித்தி."

வாயில் நூல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. மெல்ல எடுத்துவிட்டு, "நெட்ல சும்மா கிடந்துச்சும்மா. எல்லாருக்கும் பொதுன்னு நெனச்சேன்," என்றார்.

"பார்க்கத்தான் பொது. எடுத்தப்பவே அது எடுத்தவங்களுக்குச் சொந்தம்கா. எங்கயும் பதிவு பண்ணணும்னுகூட இல்ல."

"அப்ப உன் பேரைக் கீழே போட்டுடறேன்."

"பேரு இருந்துச்சே. நீங்கதானே வெட்டினீங்க? பேரு போட்டாலும் கேட்டுட்டுத்தான் போடணும்."

எந்தப் பக்கம் திரும்பினாலும் அக்காவுக்குக் கண்ணாடியில் தன் முகமே நின்றது.

"சரி, இப்பக் கேக்குறேன். வச்சுக்கட்டுமா?"

"வேணாம்கா." குரலில் கோபமே இல்லை. "இன்னொரு புருவம் பாக்கி இருக்கு."

அவ்வளவு நீளமான புருவத்தை அக்கா அதுவரை திருத்தியதில்லை. அந்தப் பெண் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்குக்கா," என்றபோது அக்காவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவள் போனதும் ஸ்டூல் போட்டுத் தானே போர்டைக் கழற்றினார். எதிர்வீட்டம்மா, "காத்துல கிழிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. "இல்லக்கா. அது நான் செஞ்ச வேலையும் இல்ல, என் படமும் இல்ல," என்றார்.

நாத்தனாருக்குத் தான் செய்த கல்யாண அலங்காரத்தைக் கொழுந்தன் படம் எடுத்து வைத்திருந்தான். அதைப் புதுப் போர்டில் போடலாமா என்று நாத்தனாரிடம் கேட்டுவிட்டு, அவனிடமும் கேட்கப் போனார்.

"இதுக்கெல்லாமா கேப்பீங்க அண்ணி?" என்று அவன் சிரித்தான். வீடே சிரித்தது.

"சரின்னு வாயைத் திறந்து சொல்லுப்பா," என்றார் அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு.