ஒரு கட்டைக்குப் பதினாறு பேர்

மரம் வெட்டுகிறவனுக்கு வேலை எவ்வளவு என்று அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடும். கட்டை எடுக்கிறவனுக்கு வேலை முடிந்த பிறகுதான் தெரியும். இலங்கை மலையகத்தில், கந்தப்பளையில் ஆரம்பித்து டயகம வரைக்கும், வெட்டின மரத்தின் அடிக்கட்டை எங்கே நின்றாலும் மாரிமுத்துவைக் கூப்பிடு என்பார்கள். அது நான்தான். வாசலில் ஒரு கட்டையை வைத்துக்கொண்டு, தினம் அதில் காலை இடித்துக்கொண்டு, எடுக்க எவ்வளவு கேட்பானோ என்று நாளைத் தள்ளுகிறவர்கள் இதைப் படித்தால், உங்கள் பயம் நியாயமானது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

காசிம் நானாவின் முக்காலி

நான் விலை சொன்ன முதல் கட்டை கந்தப்பளையில் காசிம் நானா கடைக்குப் பின்னால் இருந்தது. முக்காலி அகலம்தான். நானும் என் மச்சான் சடையனும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, இரண்டு நாள் கூலியும் பகல் சோறும் போதும் என்றோம். நானா மறுபேச்சுப் பேசவில்லை.

ஒன்பது நாள் ஆனது. நேராகக் கீழே போன வேர் ஒரு பாறையைக் கண்டதும் திரும்பி, கடைக்கு அடியில் நுழைந்து, ரோட்டுப் பக்கம் போய் மூக்கை நீட்டியிருந்தது. ஒன்பது நாளும் சோறு போட்ட நானா, கடைசி நாள் குழிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “தம்பி, நீ மேல இருக்கிறதுக்கு வெல சொன்ன. கீழ ஒரு மரம் தலகீழா நிக்கிறத யாரு பாத்தா?”

யானைக்குத் தெரிந்தது

டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்கு மேலே, டர்பன்டைன் என்கிற பெரிய தைல மரம் ஒன்று நின்றது. காற்றுக்கு லயத்தின் மேல் விழுந்துவிடும் என்று வெட்டினார்கள். கட்டை மட்டும் நின்றது. நாலு பேர் அதன்மேல் உட்கார்ந்து சோறு தின்னலாம். செத்த கட்டையின் வேரில் சீக்குப் பிடித்தால் அது தேயிலைக்குத் தாவும். கீழ்ப்பக்கத்தில் பத்துப் பதினைந்து செடி ஏற்கனவே கருகி நின்றது. பென்சில் பருமன் வேர்கூட மிஞ்சக்கூடாது என்பது தோட்டத்தை நடத்தும் தொரையின் உத்தரவு.

ஆள் கூலியைவிட யானை மலிவு என்று, ஆள் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை கினிகத்தேனைப் பக்கமிருந்து ஒரு பெண் யானையைக் கொண்டுவந்தார். அது வந்த அன்றே லயத்து வாழை மூன்றைத் தின்றது. மறுநாள் நெற்றியைக் கட்டையில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளியது. கட்டை அசையவில்லை. யானை தலையைத் தூக்கி, தும்பிக்கை நுனியைத் தரையில் வைத்து, லயம் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றது. அப்புறம் பின்னால் நாலு எட்டு வைத்துப் போய்விட்டது. அங்குசத்துக்கும் மசியவில்லை. யானைக்காரர் பண்டா அரைத் தமிழில் கணக்கப்பிள்ளையிடம் சொன்னார்: “மாத்தயா, இவ மாட்டாளாம். இந்தக் கட்டை இங்க மட்டும் இல்லன்னு சொல்றா.”

உலை ஆடியது

யானை போன பிறகுதான் நான் போனேன். காசிம் நானா கடையில் பட்ட பிறகு நானும் சடையனும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். ஒருவன் கட்டையைச் சம்மட்டியால் அடிப்பான். மற்றவன் கடப்பாரைபோல நீண்ட அலவாங்கை மண்ணில் ஊன்றி, அதன் தலையில் காதை வைப்பான். வேர் இருக்கும் இடம்வரை அடி கேட்கும். கேட்காத இடத்தில் வேர் இல்லை. அதைப் பார்த்துத்தான் விலை. தோட்டத்தில் ஒரு ஆளின் ஒரு நாள் கூலியை ஒரு பேர் என்போம். மூன்று பக்கம் கேட்டுவிட்டு இந்தக் கட்டைக்குப் பதினாறு பேர் என்றேன். அதிகம் என்று கணக்கப்பிள்ளை சிரித்தார். கேட்க இன்னும் ஒரு பக்கம் மட்டும் பாக்கி இருந்தது, லயத்துப் பக்கம்.

சடையன் அடிக்க, நான் அலவாங்கை ஊன்றி ஊன்றிக் கீழே இறங்கினேன். கேட்டது. லயத்து வாசலில் தண்ணீர் ஓடும் கானைத் தாண்டியும் கேட்டது. ஒற்றை அறை வீடான கடைசிக் காம்பிராவின் சுவரில் காதை வைத்தேன், அங்கேயும் கேட்டது. அந்தக் காம்பிராவில் மூக்காயி அக்கா தனியாக இருந்தார். மலையில் வழுக்கி விழுந்து கால் போனதால் வேலைப் பதிவில் பேர் வெட்டுப்பட்டவர். பேர் இல்லாதவருக்குத் தோட்டத்தில் வீடு கிடையாது. தரை மேடும் பள்ளமுமான அந்தக் காம்பிராவை யாரும் கேட்காததால், அவர் இருப்பதையும் யாரும் கேட்கவில்லை.

உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். அடுப்புக்கு இரண்டு கல்தான். மூன்றாவது கல் இருக்கவேண்டிய இடத்தில், தரையைப் பிளந்துகொண்டு வந்த வேர் முட்டி போட்டு நின்றது. அதன்மேல் உலைப்பானை. மேலே சடையன் சம்மட்டியை இறக்கினான். உலைத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை ஓடியது. நான் குனிந்து பானைக்குள் பார்த்தேன். அக்காவுக்கு அலை பெரிதாகத் தெரியவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். “இதையும் எடுக்கணும்னா என் வீட்டத்தான் எடுக்கணும். எங்க போறது தம்பி நான்?”

தொரை குனிந்தார்

சொல்லாமல் விட்டால் வேர் மிஞ்சும், தேயிலை சாகும், பழி எனக்கு. சொன்னால் அக்காவுக்குக் காம்பிரா போகும். இரண்டு நாள் மற்றப் பக்கத்தைத் தோண்டிக்கொண்டே யோசித்தேன். மூன்றாம் நாள் தொரை வந்தபோது, வேர் லயத்துக்குள் போகிறது என்று சொல்லிவிட்டேன். நம்பவில்லை. கணக்கப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவரே இறங்கி வந்தார். தொரைமார் லயத்து வாசலோடு நிற்பார்கள். இவர் குனிந்து உள்ளே போனதை லயமே வெளியில் நின்று பார்த்தது. அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூலையில் ஒதுங்கினார்.

சடையன் அடித்தான். அலை ஓடியது. தொரை தொப்பியைக் கழற்றினார். இன்னொரு தடவை என்றார். மூன்று தடவை பார்த்தார். பிறகு, இதை எடுக்க எவ்வளவு என்று கேட்டார். கட்டைக்குப் பதினாறு பேர் தொரை, இந்த வேருக்கு இந்த வீடு என்றேன். வாசலுக்கு வெளியே ஆழமாக ஒரு கான் வெட்டி வேரை அங்கேயே அறுத்துவிட்டால், சீக்கு இந்தப் பக்கமும் வராது, தேயிலைக்கும் போகாது என்றேன். அவர் பானையையே பார்த்துக்கொண்டு சரி என்றார். திரும்பும்போது, இங்கே இருக்கிறது யார் என்று ஒரு கேள்வி கேட்டார்.

அக்காவின் பேரை வெட்டினதே கணக்கப்பிள்ளைதான். அவர் அக்காவைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், இன்னும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். “வேரப் பாத்துக்கிற ஆளுங்க தொரை” என்றார்.

கான் வெட்டின அன்று

பதினாறு பேர் என்றது முப்பத்தொன்றில் போய் நின்றது. பேசின தொகைக்கு முடித்துத் தரும் கொந்தரப்பு வேலை என்பதால் மிச்சம் எங்கள் தலையில். ஆனாலும் அந்தக் கானுக்குள் இறங்கி நின்றதை நான் விற்கமாட்டேன். ஆள் ஆழத்தில், அரிசி மூட்டைப் பருமனில், ஒற்றை வேர். ஒரு பகல் முழுக்க அறுத்தோம். அறுபட்டதும் உள்ளே இருந்து தண்ணீர் வடிந்தது. மரத்தை வெட்டி இரண்டு மாதம் ஆகியும் அது இறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. சடையன் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்து, தைல வாசனை என்றான்.

பிறகு அக்காவை உலை வைக்கச் சொல்லி, கட்டையில் ஓங்கி அடித்தோம். தண்ணீர் அசையவேயில்லை. அக்கா பானைக்குள் பார்த்துவிட்டு ஒரு கதை சொன்னார். ஆடி மாதக் காற்றடித்தால் அவர் வீட்டுச் சட்டி பானையெல்லாம் ஆடுமாம். செத்துப்போன புருசன் கோபம் தீராமல் வந்து நிற்கிறார் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு கோப்பை தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றி அந்த வேரோரம் வைப்பாராம். மரத்தை வெட்டின நாளிலிருந்து சத்தம் நின்றதால், மனுசன் ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டார் என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். “அப்ப பதினோரு வருசமா நான் தேத்தண்ணி குடுத்தது அந்த மரத்துக்கா?” என்று கேட்டு, வேரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அதன்மேல் பானையை நேராக வைத்தார்.

இப்போதும் யாராவது கட்டையைக் காட்டி எவ்வளவு ஆகும் என்று கேட்டால், பக்கத்து வீட்டு உலையைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றுதான் சொல்கிறேன்.