பதினாலாம் சைஸ் சப்பாத்து

அன்று கோயில் வாசலில் நின்றவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி, எங்கள் மகன், மகன் அன்ரி என்று கூப்பிடுகிற மனைவியின் சிநேகிதி, அவருடைய கணவர். வேறு ஒருவரும் இல்லை. பழிபோட ஆள் தேடி எத்தனையோ தரம் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

தொழில்முறைக் கூடைப்பந்தில் மகனுக்கு அது முதல் வருடம். கழகம் தரும் சம்பளம் பெரிதில்லை. ஆனால் ஒரு சப்பாத்துக் கொம்பனி அவனோடு இரண்டு வருட ஒப்பந்தம் போட்டது. அறுபதாயிரம் டொலர், அதில் இருபதாயிரம் முன்பணம். பதிலுக்கு, வெளியே எங்கே போனாலும் அவன் அவர்களுடைய சப்பாத்தைத்தான் போட வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். அத்தனை பக்கத்திலும் எனக்கு விளங்கியது அந்த ஒன்றுதான், அதுவும் அவன் தமிழில் சொன்னபடியால். "பழசுகளை எறிஞ்சு போடுங்கோ அப்பா" என்றும் சொன்னான்.

முன்பணம், டார்னெய்டில் நாங்கள் இருக்கிற வீட்டின் கடனில் நான் பின்தங்கியிருந்த தவணைகளுக்குப் போனது. பழைய சப்பாத்தை நான் எறியவில்லை. வேறு கொம்பனியுடையதுதான், ஆனால் நூற்றெண்பது டொலர் கொடுத்து வாங்கிய சோடி. என் கார் டிக்கியில் குடை, கம்பளி, காய்ச்சல் குளிசை எல்லாம் எப்போதும் இருக்கும். அதோடு அதுவும் கிடந்தது.

அன்று பூசை முடிந்து வந்து பார்த்தால், வாசலில் கழற்றி வைத்த மகனுடைய புதுச் சப்பாத்தைக் காணவில்லை.

"பதினாலாம் சைஸை எடுத்தவன் என்ன, வள்ளமாய் விடப்போறானோ?" என்று அன்ரியின் கணவர் சிரித்தார்.

மழை விட்டிருந்தது. தரையெல்லாம் ஈரம்.

"இட்ஸ் ஃபைன் அப்பா. கார் உதிலதானே, நடந்து வாறன்."

"காலெல்லோடா உனக்குத் தொழில். கண்ணாடி கிண்ணாடி குத்தினா?"

ஓடிப்போய் டிக்கியைத் திறந்து அந்தச் சோடியைக் கொண்டுவந்தேன். அவன் சப்பாத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்பா, இது…"

"கார் மட்டும்தானே, போடு."

போட்டான்.

"தம்பி, அப்பிடியே நில்லுங்கோ, ஒரு படம்" என்றார் அன்ரி. அவன் ஆறடி ஏழு அங்குலம். "ஐயோ, தலை வெட்டுப்படுது" என்று அவர் பின்னுக்குப் பின்னுக்குப் போனார். தலையும் வந்தது, காலும் வந்தது. பின்னேரமே படத்தை இணையத்தில் போட்டுவிட்டார். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் அன்று பயந்தது கண்ணூறுக்கு மட்டும்தான்.

மூன்றாம் நாள் அவனுடைய மனேஜர் போனில் எடுத்தார். ஆங்கிலம் கடகடவென்று ஓடியது. நான் மகனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னவாம்?"

"கான்சல் பண்ணிட்டாங்கள். முன்பணத்தையும் திருப்பிக் கேக்கிறாங்கள்."

"ஒரு படத்துக்கோ?"

"ஆறு மெட்ச்சா பெஞ்சிலதான் இருக்கிறன் அப்பா. அவங்களுக்கு ஒரு சாட்டு வேணும்."

"நான் கதைக்கிறன். பிழை என்னிலதான் எண்டு சொல்லுறன்."

"ஆரோட கதைக்கப் போறீங்கள்?"

 அன்ரி படத்தை இணையத்திலிருந்து அழித்துவிட்டு, தொலைபேசியில் அழுதார். அவரை நான் என்ன சொல்ல? அடுத்த கிழமை கோயிலில் இருந்து அழைத்தார்கள். விலையுயர்ந்த சப்பாத்து மழையில் நனையக்கூடாதென்று யாரோ தொண்டர் உள்ளே எடுத்து வைத்தாராம். வந்து எடுத்துக்கொண்டு போகட்டாம்.

அதை அவன் போடுவதில்லை. ஒருநாள் தானே டிக்கியைத் திறந்து பழைய சோடியை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனான். முன்பணத்தைத் திருப்பிக் கட்ட மாதம் எண்ணூறு டொலர் அவனுடைய சம்பளத்தில் போகிறது. பாதியை நான் தருகிறேன் என்றால், "லீவ் இட் அப்பா" என்கிறான். கோபமாகச் சொன்னாலாவது எனக்கு ஆறுதலாக இருக்கும்.

ஏழு தவணை கட்டியாகிவிட்டது. மிச்சம் பதினாலாயிரத்து நானூறு டொலர்.