பாதி உருண்டை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீடுகளில் கன்னையாவைத் தெரியாதவர்கள் கிடையாது. நாலே முக்கால் அடி மனுஷன், வளைந்த கால். காப்பிக் கடையில் உட்கார்ந்தால் "கோப்பி ஓ கோசோங்" என்பான். பாலும் வேண்டாம், சீனியும் வேண்டாம். கல்யாண வீட்டில் பாயசம் வருகிற நேரத்தில் எழுந்து கை கழுவப் போய்விடுவான். சர்க்கரை வியாதி என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. வியாதியாவது மண்ணாவது! அந்த வாய் இனிப்பை மறந்ததற்குக் காரணம் ஒரு குதிரை. அம்பாங் ரோட்டுப் பந்தயத் திடலில் ஜாக்கியாக இருந்து ஜெயித்தவன் இவன் என்று சொன்னால் இப்போது யார் நம்புகிறார்கள்?

பந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்துத் துரையின் குதிரைக்குப் புல் அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன், சேணம் கூட இல்லாமல் அதன் மேல் ஏறிப் போனதைக் கிள்ளான் காண்ட்ராக்டர் இராமலிங்கம் பார்த்துவிட்டார். ரயில் பாதைக்குச் சரளைக் கல் ஏற்றி அனுப்புகிற பெரிய புள்ளி அவர். நெற்றி நிறைய விபூதி, கோட்டுப் பையில் தங்கக் கடிகாரம். பந்தயக் குதிரை வைத்திருந்த தமிழர்களை அப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். "எங்கூட வரியா?" என்றார். இவன் கட்டியிருந்த வேட்டியோடு கிளம்பிவிட்டான்.

வந்த இரண்டாம் வருஷம் கன்னையாவுக்கு மலேரியா. கண் சொருகிக் கிடந்தவனை இராமலிங்கம் தம் சொந்த வண்டியில் ஏற்றி, தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கூலிக்காரன் தலையை மடியில் வைத்துக்கொண்ட முதலாளி உண்டா? அன்றைக்கே இவன் தன்னை எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டான். மற்ற ஜாக்கிகள் எடை ஏறாமலிருக்க, பசி தெரியாமலிருக்க, அபினி உருட்டிப் போட்டுக்கொள்வார்கள். சூதாட்டக்காரன் கண்ணைக் காட்டினால் குதிரையை இழுத்துப் பிடிப்பார்கள். இவன் இரண்டையும் தொட்டதில்லை. "அவரு மடியில தல வெச்சவன் நான்" என்பான். அவன் பெண்டாட்டி பவுனம்மாள் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்தாள்.

அப்புறம்தான் அந்தப் பெட்டைக் குதிரை வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது, பந்தயப் பேர் ஏதோ வாயில் நுழையாத இங்கிலீஷ். இவன் வைத்த பேர் மணி. கப்பலில் என்ன கொடுமை பட்டதோ, இறங்கி மூன்று நாள் யார் கையிலும் எதுவும் தின்னவில்லை. பொரியரிசி மாவும் வெல்லமும் சேர்த்துப் பவுனம்மாள் பிடித்துக் கொடுத்த உருண்டையை இவன் அதன் பக்கத்தில் நின்று தின்றுகொண்டிருந்தான். மணி அவன் வாயையே பார்த்தது. பாதியைக் கடித்துவிட்டு மீதியை நீட்டினான். தின்றது! அன்றிலிருந்து அதுதான் சட்டம். இவன் முதலில் கடிக்க வேண்டும், அப்புறம்தான் அது வாயைத் திறக்கும். "மூணு முடிச்சு எனக்கு, எச்சி உருண்டை அவளுக்கா?" என்று பவுனம்மாள் கேலி செய்தாலும், பந்தயத்துக்குப் பந்தயம் உருண்டை பிடிக்காமல் இருந்ததில்லை.

முப்பத்தோராம் வருஷம் ரப்பரும் ஈயமும் சேர்ந்து விழுந்தன. இராமலிங்கத்தின் காண்ட்ராக்டுகள் ஒவ்வொன்றாகக் கை நழுவின. அந்த மழைக்காலத்தில்தான் மணி முன்னங்கால் வீங்கி நொண்டத் தொடங்கியது.

"பொங்கலுக்குள்ள சரியாகலன்னா சுட்டுற வேண்டியதுதான், கன்னையா" என்றார் இராமலிங்கம். "நொண்டிக் குதிரைக்குத் தீனி போட நான் என்ன ராஜாவா?"

கன்னையா அன்றைக்கே பத்துமலைக்கு நடந்தான். குகைக்குள் நின்று முருகனிடம் கேட்டான்: மணியின் கால் சரியாக வேண்டும், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன், அதுவரை இனிப்பு என் நாக்கில் படாது. வேண்டுதலோ, வைத்தியர் போட்ட பச்சிலையோ, மூன்றே வாரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் நேரே முதலாளியிடம் ஓடினான். நேர்ந்துகொண்ட கதையையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தான்.

"இனிப்பை விட்டுட்டியா? அப்போ உருண்டை? நீ கடிக்காம அது திங்காதே!"

"கடிச்ச மாதிரி ஒதட்டுகிட்ட வெச்சு, சும்மா மென்னு காட்டுறேன் மொதலாளி. நம்பிருது, பாவம்."

இராமலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர் அப்படித் தட்டிக்கொடுத்து எத்தனை நாளாயிற்று என்று கன்னையாவுக்கு உள்ளம் குளிர்ந்தது.

பொங்கலுக்கும் பூசத்துக்கும் நடுவில் ஒரு சனிக்கிழமை பந்தயம். காலையிலேயே இராமலிங்கம் லாயத்துக்கு வந்துவிட்டார். வழக்கமாக மத்தியானம்தான் வருவார். இலையில் சுற்றி ஒரு உருண்டை கொண்டுவந்திருந்தார். "பொங்கலுக்கு வீட்டுல புடிச்சது. இன்னிக்கு மணிக்கு இதக் குடு. நீ விரதம்தானே?"

"ஆமாங்க மொதலாளி. இன்னும் ஒன்பது நாளு."

"முருகனுக்கு நேர்ந்தது. நாக்கு நுனியில கூடப் பட்டுறக் கூடாது, தெரியுதா?" என்று சொல்லித் தம் சட்டைப் பையிலிருந்து விபூதி எடுத்து அவன் நெற்றியில் பூசிவிட்டார்.

கன்னையா உருண்டையை உதட்டுக்குக் கொண்டுபோனான். வெறும் வாயை மென்றான். மணி காதை ஆட்டிக்கொண்டு அவன் வாயைப் பார்த்தது. நீட்டினான், தின்றது. ஒரு தரம் தலையைச் சிலுப்பியது. கசந்திருக்க வேண்டும். "என்னடி, பெரிய வீட்டுப் பண்டம் புடிக்கலையா?" என்று கழுத்தைத் தடவிக் கொடுத்து மிச்சத்தையும் ஊட்டிவிட்டான்.

இராமலிங்கம் கையில் மிஞ்சியிருந்ததையெல்லாம் மணி மேல் கட்டியிருப்பதாகத் திடலில் பேச்சு. பந்தயத்தில் மணி ஓடவில்லை, பறந்தது. இரண்டாவது குதிரைக்கும் அதற்கும் பத்துக் குதிரை நீளம் இடைவெளி. கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆனால் எல்லைக் கம்பம் தாண்டியும் அது நிற்கவில்லையே! கடிவாளத்தை எவ்வளவு இழுத்தும் பிடிபடவில்லை. "போதும்டி, போதும்டி தாயி, ஜெயிச்சிட்டோம்" என்று கெஞ்சினான். இன்னொரு அரைச் சுற்று ஓடி, கால் மடங்கி, புல்லில் சாய்ந்தது. வாயெல்லாம் நுரை. கண் பிதுங்கி நின்றது. தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அது அவன் வாயைப் பார்த்தபடியே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கிவிட்டது. இவன் போட்ட சத்தம் மேடை வரைக்கும் கேட்டதாம்.

பல் இடுக்கில் ஒட்டியிருந்த மாவில் மருந்து கலந்திருந்ததைக் குதிரை டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். திங்கட்கிழமை விசாரணை. மேசைக்குப் பின்னால் மூன்று துரைகள், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு ஆபீஸ் கிராணி. சுவரோரம் நாற்காலியில் இராமலிங்கம், மடியில் தலைப்பாகையை வைத்துக்கொண்டு.

"என்ன கொடுத்தாய்?"

"மாவுருண்டை. என் கையாலதான் குடுத்தேன்."

"உனக்கு யார் கொடுத்தது?"

உள்ளதைச் சொன்னால் ஒரே வார்த்தை. கன்னையா திரும்பிப் பார்த்தான். இராமலிங்கம் தலைப்பாகையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். முதலாளி வீட்டுப் பண்டத்தில் எவனோ படுபாவி கை வைத்துவிட்டான், அதற்காக அவர் பேர் கெடலாமா என்றுதான் அந்த வெள்ளை மனசு நினைத்தது. "பாசார்ல வாங்கினதுங்க. மொதலாளிக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். கிராணி மொழிபெயர்த்தார். ஆயுசுக்கும் குதிரை ஏறக் கூடாது, எந்த லாயத்திலும் கால் வைக்கக் கூடாது என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். இராமலிங்கம் தலைப்பாகையை எடுத்து வைத்துக்கொண்டு வெளியே போனார்.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னான். பவுனம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள். கேட்டவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏங்க, நீங்க கடிச்சிருந்தா அந்தக் கசப்பு தெரிஞ்சிருக்குமில்ல?"

"தெரிஞ்சிருக்கும்."

"நீங்க இனிப்பை விட்டது யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும், முருகனுக்குத் தெரியும். வேற யாருக்குச் சொன்னீங்க?"

கன்னையா நெற்றியில் கை வைத்துத் தேய்த்தான். விபூதி எப்போதோ போய்விட்டிருந்தது, அவன் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"இப்பவே போயி துரைங்ககிட்ட உண்மையச் சொல்லுங்க. லைசன்ஸ் திரும்பக் கெடைக்கும்."

"சொன்னா மணி எழுந்து வருவாளா?" என்றான். "அவரு வண்டியில நான் பொழைச்சேன். அந்தக் கணக்கு இன்னியோட தீந்துச்சு. விடு பவுனு."

என்ன மனுஷனப்பா இவன்! கோபம் கோபமாக வருகிறது. ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லவில்லை. தைப்பூசத்துக்குக் காவடி மட்டும் எடுத்தான். குதிரைதான் இல்லை, கால் சரியானது சரியானதுதானே, நேர்ந்ததைக் கொடுக்காமல் இருக்கலாமா என்றான். குகையில் விரதம் முடிக்கப் பஞ்சாமிர்தம் கொடுத்தார்கள். உள்ளங்கையில் வாங்கினான், வாய் வரை கொண்டுபோனான், முடியவில்லை. பக்கத்தில் நின்ற குரங்குக்குப் போட்டுவிட்டுப் படி இறங்கிவிட்டான்.

அப்புறம் ரயில்வே பட்டறையில் கூட்டிப் பெருக்கும் வேலை. பந்தயச் சனிக்கிழமைகளில் மட்டும் வெளியே தலை காட்டமாட்டான்.

ஐந்து வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் வந்து நின்றது. இராமலிங்கம். முடி முழுக்க நரைத்திருந்தது. கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, கற்கண்டு, லட்டு, மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை.

"மகளுக்குக் கல்யாணம், கன்னையா. நீ வரணும். உன்னை மாதிரி விசுவாசிய நான் பாத்ததில்ல. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. இனிப்பு எடுத்துக்க."

கன்னையா எழுந்து நின்றான். ஒரு லட்டை எடுத்தான். இராமலிங்கத்தின் முகம் மலர்ந்தது. அவன் அதை அவர் பக்கமே நீட்டினான்.

"நீங்க மொதல்ல பாதி கடிங்க மொதலாளி. மீதியக் குடுங்க, திங்கிறேன். எச்சின்னு பாக்க மாட்டேன்."

இராமலிங்கம் வாங்கிக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. அதை உதட்டுக்குக் கொண்டுபோனார். வாய் திறக்கவில்லை. தாடை மட்டும் அசைந்தது.

"கடிச்ச மாதிரி காட்டாதீங்க மொதலாளி" என்றான் கன்னையா. "நான் அப்பிடிக் காட்டித்தான் அவ செத்தா."